பாதித் திறன் பசுமைக்கு மாறிவிட்டது, யூனிட் மட்டும் ஏன் இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது? (தேசிய மின்கொள்கை)

உடுமலைக்_காற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். 2025 நடுவில் வந்த செய்தி ஞாபகம் இருக்கும். நாட்டின் மொத்த நிறுவுதிறன், அதாவது எல்லா மின் ஆலைகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் தரக்கூடிய அளவு, சுமார் 485 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் 1,000 மெகாவாட்), அதில் பாதி நிலக்கரியும் எரிவாயுவும் இல்லாதது, 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டிவிட்டோம் என்றார்கள். நல்ல செய்திதான், அதைக் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. ஓர் ஆண்டில் நாம் பயன்படுத்தும் யூனிட்டுகளை எண்ணிப் பார்த்தால் எழுபது சதவீதத்துக்கு மேல் இன்னும் நிலக்கரிதான்.

சூரியன் சாயங்காலம் இறங்கிவிடும், ஆடியில் வீசுகிற காற்று தையில் வீசாது. அதை யாரும் மாற்ற முடியாது. நான் பேச விரும்புவது நம்மால் மாற்றக்கூடியதைப் பற்றி. டெல்லி இலக்கு அறிவிப்பதில் குறை வைக்கவில்லை. 2010-ல் தேசிய சூரிய மிஷன் 2022-க்குள் 20 ஜிகாவாட் என்றது. 2015-ல் அதை 100 ஆக்கி, காற்றையும் மற்றவற்றையும் சேர்த்து 175 என்றார்கள். 2022 முடியும்போது கையில் இருந்தது சுமார் 120. இதில் கூரை சோலாருக்கு மட்டும் 40 ஜிகாவாட் வைத்திருந்தார்கள், அதில் நான்கில் ஒரு பங்கைக் கூடத் தொடவில்லை. காற்றாலை 60 ஜிகாவாட் இலக்குக்கு 42.

காற்றாலைக் கதை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் பக்கம் பாதிப் பேர் வாழ்க்கை அதில்தான். 2012-ல் 80 சதவீத விரைவுத் தேய்மானச் சலுகையை (எந்திர விலையின் பெரும்பகுதியை முதல் ஆண்டே கணக்கில் கழித்து வரியைக் குறைக்கும் வசதி) எடுத்தார்கள், யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகையும் அதே சமயத்தில் நின்றது. முந்தின ஆண்டு நாடு முழுக்க 3,000 மெகாவாட்டுக்கு மேல் ஏறியது அடுத்த ஆண்டில் ஏறக்குறைய பாதியானது. அப்புறம் 2013-ல் ஒன்று, 2014-ல் இன்னொன்று என்று இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள், தொழில் எழுந்து 2016-17-ல் 5,500 மெகாவாட் வரை போனது. 2017-ல் நிலையான கொள்முதல் விலையிலிருந்து, குறைந்த விலை கேட்பவருக்கே திட்டம் என்ற ஏலத்துக்கு மாறினார்கள். பிப்ரவரி ஏலத்தில் யூனிட் 3.46 ரூபாய். அடுத்த நிதியாண்டு 1,800 மெகாவாட்டுக்கும் கீழே. இறகு செய்யும் பட்டறை, கிரேன்காரர், டவர் ஃபேப்ரிகேஷன் செய்பவர் எல்லோரும் ஒரே ஆண்டில் தெருவுக்கு வந்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓட வேண்டிய எந்திரத்துக்கு இரண்டு ஆண்டு ஆயுள் உள்ள விதியை எழுதினால் மாற்றம் நடக்காது. சலுகை குறையட்டும், ஏலமும் வரட்டும், ஆனால் எந்த ஆண்டில் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

மின்வாரிய_ஓய்வூதியர்

தம்பி, ஏலத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். ஏலம் வந்ததால்தான் விலை இறங்கியது. 2017 மே மாதம் ராஜஸ்தான் பட்லாவில் சூரிய மின்சாரம் 2.44 ரூபாய்க்குப் போனது, 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. பத்தாண்டு முன்பு இந்த எண்ணை யாராவது சொல்லியிருந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழகம் நடுவில் நின்று வாங்கிக் கொடுத்ததால் வங்கிகளும் தைரியமாகக் கடன் கொடுத்தன. அது தேசியக் கொள்கையின் வெற்றி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. விநியோக நிறுவனத்தின், அதாவது ஆலைகளிடம் மின்சாரம் வாங்கி நமக்கு விற்கும் நிறுவனத்தின் கணக்கு. அனல் மின் ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று வெளியில் பலருக்குத் தெரியாது. அதில் விலை இரண்டு பகுதி. ஒன்று நிலைக்கட்டணம், அதாவது ஆலை தயாராக இருந்தாலே போதும், நீங்கள் மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். இன்னொன்று எரிபொருள் செலவு, எடுத்தால் மட்டும். காற்றாலைக்கு இப்படிப் பிரிவு கிடையாது, யூனிட்டுக்கு ஒரே விலை. இப்போது ஜூலை மாதம் நடு ராத்திரி காற்று அடித்து நொறுக்குகிறது, தேவை குறைவு. காற்றை எடுத்து அனலைக் குறைத்தால் எனக்கு மிச்சமாவது எரிபொருள் செலவு மட்டும்தான், நிலைக்கட்டணம் எப்படியும் போகும். காற்றாலைக்காரருக்கு முழு விலையும் கொடுக்க வேண்டும். பணமில்லாத நிறுவனம் என்ன செய்யும்? காற்றை நிறுத்தச் சொல்லும். சட்டப்படி காற்றும் சூரியனும் நிறுத்தக்கூடாத வகை, கிரிட் (மின்கட்டமைப்பு) பாதுகாப்புக்கு மட்டும்தான் விலக்கு. ஆனால் "கிரிட் பாதுகாப்பு" என்று எழுதிவிட்டால் யார் கேட்பது?

கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டுச் சூரிய ஆலைகள் வழக்கில், கிரிட் பாதுகாப்புக்கு அல்லாமல் நிறுத்தியதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்புக் கொடுத்தது. கொள்கை எழுதுகிறவர்கள் இந்த வழக்கை ஒருமுறையாவது முழுக்கப் படிக்க வேண்டும். அந்த நிலைக்கட்டண ஒப்பந்தங்களைத் தொடாமல் மேலே மேலே பசுமைத் திறனை ஏற்றினால் யாராவது ஒருவர் தலையில் நஷ்டம் விழத்தான் செய்யும்.

---

உடுமலைக்_காற்று

சார், நான் ஏலத்தை எதிர்க்கவில்லை, மாறிய விதத்தை எதிர்க்கிறேன். பழைய முறை நின்றுபோனது, புதிய முறை இன்னும் ஓடத் தொடங்கவில்லை, நடுவில் ஓர் ஆண்டு யாருக்கும் ஆர்டர் இல்லை. இடைக்கால ஏற்பாடு ஒன்று வைத்திருந்தால் போதும்.

நிலைக்கட்டணம் பற்றி நீங்கள் எழுதியது ரொம்ப முக்கியம். பழைய அனல் ஆலைகளின் ஒப்பந்தத்தைத் திருத்தி, "சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை ஏற்றிக்கொடு, பகலில் இறக்கு, அதற்குத் தனியாகக் காசு" என்று மாற்ற முடியாதா? நீங்கள் உள்ளே இருந்தவர், சொல்லுங்கள்.

---

மின்வாரிய_ஓய்வூதியர்

முடியும், ஆனால் எல்லா ஆலைக்கும் முடியாது. பழைய அனல் எந்திரத்தை முழுத் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் கொதிகலனில் தீ நிலையாக எரியாது, எண்ணெய் ஊற்ற வேண்டும், குழாய் வெடிக்கும். இறக்கி ஏற்றும் வசதிக்கு முதலீடு வேண்டும். அந்த முதலீட்டுக்கு மத்திய அரசு ஒரு விலை வைக்க வேண்டும், அதைத்தான் நான் கொள்கை என்பேன்.

பணப் பட்டுவாடாவில் மட்டும் 2022-ல் நல்ல காரியம் செய்தார்கள். தாமதக் கட்டண விதி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அப்போது உற்பத்தியாளர்களுக்கு விநியோக நிறுவனங்கள் வைத்திருந்த பாக்கி சுமார் 1.4 லட்சம் கோடி. தவணையில் கட்டு, கட்டாவிட்டால் மின்சந்தையில் வாங்க முடியாது என்றார்கள். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 13 மாநிலங்களைச் சந்தையிலிருந்து நிறுத்தியும் காட்டினார்கள். அதற்குப் பிறகு பாக்கி இறங்கியது. கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் முதலீடு தானாக வரும்.

---

சென்னிமலை_விவசாயி

நீங்கள் எல்லோரும் விலையைப் பேசுகிறீர்கள், நான் கோபுரத்தைப் பேசுகிறேன். காற்றும் வெயிலும் ஓரிடத்தில், ஆலை இன்னோரிடத்தில், நடுவில் எங்கள் தோட்டம். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டப் புகளூர் வரை 6,000 மெகாவாட் உயரழுத்த நேர்மின் பாதை போட்டார்கள். நாட்டுக்குத் தேவை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கோபுரம் போட 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் போதும், சொந்தக்காரர் சம்மதம் வேண்டாம். வெள்ளைக்காரன் தந்திக் கம்பி இழுக்க எழுதிய சட்டத்தை வைத்து எண்ணூறு கிலோவோல்ட் லைன் இழுக்கலாமா? தென்னை வைக்க முடியாது, கிணற்று மேட்டில் வீடு கட்ட முடியாது, நிலத்தை விற்கப் போனால் பாதி விலை. 2018-ல் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நாங்கள் உட்கார்ந்து போராடியது இதற்காகத்தான், பசுமை மின்சாரத்துக்கு எதிராக அல்ல.

2015-ல் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் போட்டது: கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 15 வரை. அது கட்டாயமில்லை, மாநிலம் விரும்பினால் ஏற்கலாம். 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் எத்தனை ஆண்டு மிச்சமாகியிருக்கும்! இன்றைக்கும் ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். லைன் ஐம்பது ஆண்டு ஓடுகிறது, எங்களுக்கும் ஆண்டு வாடகை கொடுங்கள் என்கிறோம். காற்றாலைக்கு நிலம் குத்தகைக்குக் கொடுத்தவர் வாங்குகிறார் அல்லவா, அதே போல.

---

ரூர்_நதிக்கரை

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். விவசாயி அண்ணா சொன்னது இங்கேயும் அப்படியே நடந்தது. வடக்கே கடலோரம் காற்று, தெற்கே பவேரியாவில் தொழிற்சாலை. நடுவில் வரவேண்டிய சூட்லிங்க் பாதைக்கு ஊர் ஊராக எதிர்ப்பு, 2015-ல் அதை நிலத்தடிக் கேபிளாக மாற்றினார்கள், செலவு ஏறியது, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. வடக்கே காற்றாலையை நிறுத்தி அதற்குப் பணமும் கொடுத்து, தெற்கே எரிவாயுவை எரித்து அதற்கும் பணம் கொடுக்கிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு விஷயம் சரியாகச் செய்தார்கள், உடுமலைக்காரர் கேட்டது அதுதான். 1991-லேயே சட்டம் போட்டு, யார் காற்றாலை வைத்தாலும் மின் நிறுவனம் வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். 2000-ல் வந்த சட்டம் இருபது ஆண்டுக்கு நிலையான விலை கொடுத்தது. புதிதாக வருகிறவருக்கு விலை ஆண்டுதோறும் குறையும், ஆனால் ஏற்கனவே வைத்தவரின் விலையைத் தொட மாட்டார்கள். அதனால் விவசாயி, ஊர்க் கூட்டுறவு, பள்ளிக்கூட ஆசிரியர் எல்லாரும் பணம் போட்டார்கள். மின்சாரத்தில் 2000-ல் 6 சதவீதம் இருந்த புதுப்பிக்கத்தக்கவற்றின் பங்கு 2023-ல் பாதியைத் தாண்டிவிட்டது. ஊர்க்காரருக்கே பங்கு இருந்தால் எதிர்ப்பு குறையும், இதை நான் பக்கத்து ஊர்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தவறும் செய்தார்கள். செலவை வீட்டு மின்கட்டணத்தில் ஏற்றினார்கள், பெரிய தொழிற்சாலைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2017-ல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் இந்தக் கூடுதல் கட்டணம் மட்டும். வாடகை வீட்டில் இருக்கும் ஏழை, சொந்தக் கூரை வைத்திருப்பவருக்குப் பணம் கட்டியது போல ஆனது. 2022 ஜூலையில்தான் அதை எடுத்துவிட்டு அரசு வரவுசெலவிலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தியா இந்தப் பாடத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

---

நெய்வேலி_வாசகர்

எனக்கு இந்த இழையில் ஒரு குறை. நிலக்கரியை எல்லோரும் தடைக்கல் மாதிரிப் பேசுகிறீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் வீட்டு விளக்கும் ஏசியும் எதில் ஓடுகின்றன? 2024 மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 250 ஜிகாவாட். பகல் வெயிலில் சூரியன் பெரிய பங்கு தாங்கியது, சரி. ராத்திரி வெக்கைக்கு யார் பதில் சொல்வது? நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் குடும்பங்கள், ஒப்பந்தத் தொழிலாளிகள், கேன்டீன் வைத்திருப்பவர், இவர்களுக்குத் தேசியக் கொள்கையில் ஒரு பத்தியாவது இருக்கிறதா? என்.எல்.சி-யே 1 ஜிகாவாட்டுக்கு மேல் சூரிய ஆலை வைத்திருக்கிறது, ஆனால் சுரங்கத்தில் நூறு பேர் செய்யும் வேலைக்குச் சூரிய ஆலையில் சில பேர் போதும். மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே வேலை என்று முதலில் எழுதிவிட்டு மாற்றுங்கள் என்கிறேன்.

---

உடுமலைக்_காற்று

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு நிதி இருந்தது, அதை என்ன செய்தோம் என்று பாருங்கள். 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் வரி போட்டார்கள், 2016-க்குள் அது 400 ரூபாய் ஆனது. ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி. தூய ஆற்றல் நிதிக்கு என்று வாங்கிய பணம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அதை மாநிலங்களுக்கான ஜிஎஸ்டி இழப்பீட்டு வரியாக மாற்றிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் அந்த வரியையும் எடுத்துவிட்டு ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 ஆக்கினார்கள். அந்த டன்னுக்கு 400 ரூபாய் ஒழுங்காக நெய்வேலிக்கும் ஜார்கண்டுக்கும் போய், பேட்டரிக்கும் மின்பாதைக்கும் போயிருந்தால் இன்றைக்கு இந்த இழையில் பாதிக் கேள்வி இருக்காது. பெயருக்கு வரி போட்டு வேறு காரியத்துக்குச் செலவழிப்பதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம்.

---

மன்னார்க்_கடல்

எங்கட அனுபவத்தையும் எழுதுகிறேன், பிரயோசனமாக இருக்கும். இலங்கை 2030-இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு வைத்திருக்கிறது. 2016-இல் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தில் சனம் நம்பி வங்கிக் கடன் எடுத்துப் போட்டார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழு நாடும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டது என்பதோடு செய்தி முடிந்தது பலருக்கு. உண்மையில் விடுமுறை நாள், தேவை குறைவு, வெயிலில் கூரை மின்சாரம் நிறைய, சுற்றிக்கொண்டிருந்த பெரிய எந்திரங்கள் குறைவு, அதனால் ஒரு தடங்கலைத் தாங்கும் வலு அமைப்புக்கு இருக்கவில்லை. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. பேட்டரிக்குக் காலத்தோடு விலை வைத்திருந்தால் அந்த வெயில் இரவுக்குப் போயிருக்கும்.

அடுத்தது காற்று. மன்னாரில் சபையின் சொந்தக் காற்றாலை, தம்பபவனி, 30 கோபுரம், 103.5 மெகாவாட். அதற்குப் பிறகு அதானி நிறுவனத்துக்கு மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் கேள்விப்பத்திரம் இல்லாமல் கொடுக்கப்பட்டது, யூனிட் 8.26 அமெரிக்க சதம். விலை கூட என்று எதிர்ப்பு, வலசைப் பறவைகள் வரும் பாதை என்று வழக்கு, வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது என்று ஊர்ச்சனத்தின் கவலை. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியது. போட்டி ஏலம் இல்லாமல், ஊரைக் கேட்காமல் தொடங்கினால் இப்படித்தான் வருடங்கள் வீணாகும். சிறிய தீவு, எல்லாக் கோபுரமும் எங்கட தலையில் என்ற உணர்வு வந்துவிட்டால் பிறகு நல்ல திட்டத்தையும் சனம் நம்பாது.

---

மின்வாரிய_ஓய்வூதியர்

மன்னார் தம்பி எழுதியதை இங்கே இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். நமக்கு ஒரு வசதி, தென்மண்டல கிரிட் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியாக நாட்டோடு இணைந்துவிட்டது. அதற்கு முன் நாமும் ஏறக்குறைய தீவுதான், உபரிக் காற்று மின்சாரத்தை அனுப்ப வழி மிகக் குறைவு. விவசாயி ஐயா சொன்ன புகளூர் பாதை இரண்டு பக்கமும் ஓடும், காற்று சீசனில் நம் மின்சாரத்தை வடக்கே அனுப்பலாம்.

ஆனால் தேசிய அளவில் ஒரு விதி நம்மைப் பாதித்தது. மாநிலங்களுக்கு இடையிலான பாதைக் கட்டணத்தை 2025 ஜூன் 30 வரை முடியும் சூரிய, காற்றுத் திட்டங்களுக்குத் தள்ளுபடி செய்தார்கள். ஆரம்பத்தில் அது தேவை. ஆனால் தூரத்துக்கு விலை இல்லை என்றானதும் எல்லோரும் ராஜஸ்தானுக்கும் குஜராத்துக்கும் ஓடினார்கள். ஆலை கட்ட ஒன்றரை ஆண்டு போதும், பாதை போட அதைவிட அதிகக் காலம் வேண்டும். இப்போது ராஜஸ்தானில் ஆலை தயார், பாதை தயாரில்லை, பகலில் நிறுத்தச் சொல்கிறார்கள். ஏலம் முடிந்தும் வாங்க மாநிலம் கையெழுத்துப் போடாத திட்டங்கள் 2025-ல் 40 ஜிகாவாட்டுக்கு மேல் இருந்தன. பகல் மின்சாரம் மட்டும் யாருக்கும் வேண்டாம், அதுதான் காரணம்.

---

தறி_ஓட்டம்

சோமனூர் பக்கம் விசைத்தறி. ஒரு கேள்வி. பகலில் மின்சாரம் மிச்சம் என்கிறீர்கள், அப்படியானால் பகலில் ஓடுகிற எங்களுக்கு ஏன் குறைந்த விலை இல்லை? கூரையில் சோலார் போட்டால் நெட்வொர்க் கட்டணம் என்று தனியாகக் கேட்டார்கள், சிறு தொழில் சங்கங்கள் போராடி 2023-ல்தான் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒரு பக்கம் டெல்லி "சோலார் போடு, மானியம் தருகிறேன்" என்கிறது, இன்னொரு பக்கம் மாநிலத்தில் "போட்டால் கட்டணம்". நாங்கள் எதை நம்புவது?

---

மின்வாரிய_ஓய்வூதியர்

2023-ல் மத்திய அரசு நுகர்வோர் விதியைத் திருத்தியது. சூரிய நேரத்தில் வழக்கமான விலையைவிட 10 முதல் 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் அதிகம். 10 கிலோவாட்டுக்கு மேல் உள்ள தொழில், வணிக இணைப்புகளுக்கு 2024 ஏப்ரலிலிருந்தும், விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்தும் என்று சொன்னார்கள். நேரம் பார்த்துக் கணக்கிட ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், அங்கேதான் வண்டி நிற்கிறது.

கூரைக் கட்டணத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல விலை கொடுக்கும் தொழில் நுகர்வோர்தான் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் கொடுக்கும் சலுகையின் ஒரு பகுதியைத் தாங்குகிறார். அவர் கூரைக்குப் போய்விட்டால் அந்தப் பணத்துக்கு வேறு வழி வேண்டும். அதனால் விநியோக நிறுவனம் கூரை சோலாரைப் பார்த்துப் பயப்படுகிறது. மத்திய அரசின் கூரை சோலார் மானியத் திட்டமான பிஎம் சூர்யா கர் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது, நல்லது. விநியோக நிறுவனத்தின் அந்த வருமான இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உள்ளூர் அதிகாரி மனதார ஒத்துழைப்பார்.

---

சென்னிமலை_விவசாயி

இலவச மின்சாரத்தில் கை வைக்கும் பேச்சு வந்துவிடும் போலத் தெரிகிறது, அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். அதை நிறுத்தி மாற்றம் கொண்டுவர நினைத்தால் நடக்காது. மாறாக விவசாயத்துக்குப் போகும் மின்தடத்தை (ஃபீடர்) தனியாகப் பிரித்து, சப்ஸ்டேஷன் பக்கத்தில் தரிசு நிலத்தில் இரண்டு, மூன்று மெகாவாட் சூரிய ஆலை வையுங்கள். விவசாயத்துக்கான மத்திய அரசின் சூரிய மின் திட்டமான பிஎம் குசும்-இல் இதற்கு இடம் இருக்கிறது. எங்களுக்குப் பகலில் மும்முனை மின்சாரம் கிடைக்கும், நடு ராத்திரியில் பாம்பு பூச்சிக்கு நடுவே மோட்டார் போடப் போக வேண்டாம். அரசுக்கும் தூரத்திலிருந்து கொண்டுவரும் இழப்பு மிச்சம். பெரிய கோபுரமும் வேண்டாம்.

---

உடுமலைக்_காற்று

அண்ணா, இதை அப்படியே மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அடுத்த கருத்துக்கேட்புக்கு எழுதி அனுப்பலாம். பழைய காற்றாலைகளையும் சேர்த்துக்கொள்வோம். முப்பந்தலிலும் கயத்தாறிலும் 250 கிலோவாட் சிறு எந்திரங்கள் நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதே இடத்தில் 2, 3 மெகாவாட் எந்திரம் வைத்தால் புது நிலம் தேடாமலே பல மடங்கு எடுக்கலாம். மத்திய அரசு 2016-ல் இதற்குக் கொள்கை போட்டது, 2023-ல் திருத்தியது, மாநிலமும் 2024-ல் ஒன்று போட்டது. ஆனால் பழைய எந்திரத்துக்கு இருக்கும் பேங்கிங் வசதி, அதாவது சீசனில் கொடுத்துவிட்டு நிதியாண்டுக்குள் திருப்பி எடுக்கும் வசதி, போய்விடுமோ என்ற பயத்தில் அந்தக் காற்றாலைகளை வைத்திருக்கும் மில்காரர்கள் அசைய மாட்டேன் என்கிறார்கள். அதைப் பத்து ஆண்டில் படிப்படியாகக் குறைப்போம் என்று எழுத்தில் கொடுத்தால் போதும், பாதிப் பேர் மாற்றிவிடுவார்கள்.

ஓய்வூதியர் சார், கடம்பாறை 400 மெகாவாட் நீரேற்று நிலையம் (மிச்ச மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது), குந்தாவில் கட்டிக்கொண்டிருக்கும் 500, இரண்டையும் இரவுக் காற்றுக்கும் பகல் வெயிலுக்கும் எப்படி ஓட்டலாம் என்று ஒரு பதிவு போடுங்கள். 2025 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய சூரிய ஏலங்களில் இரண்டு மணி நேரச் சேமிப்பைச் சேர்க்கச் சொன்னதையும் அதோடு பேசலாம்.

---

மின்வாரிய_ஓய்வூதியர்

எழுதுகிறேன். கடம்பாறையை இப்போது எத்தனை மணி நேரம் பம்ப் செய்ய விடுகிறார்கள், எந்த நேரத்தில் என்ற விவரம் கையில் இருந்தால் யாராவது கொடுங்கள், அதை வைத்துத் தொடங்குவேன்.